பழைய கார் ரிப்பேர்: பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி கோளாறைக் கண்டுபிடிங்க



செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாமா, புது கார் லோன்ல எடுக்கலாமான்னு நம்ம சேனல்ல ஏற்கனவே பேசியிருக்கோம். இன்னைக்கு அதுக்கு அடுத்த கட்டம். கார் வாங்கியாச்சு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டி, ரெண்டு லட்சத்துக்குள்ள முடிஞ்சது, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். மூணாவது மாசம் ஒர்க்‌ஷாப்ல இருந்து போன்: "சார், ஒரு முப்பத்தஞ்சு ஆகும் சார்." உங்க கையில வர்ற சம்பளம் நாற்பதாயிரம். அந்த நிமிஷத்துல நிறைய பேர் செய்யறது ஒண்ணுதான், கிரெடிட் கார்டை நீட்டறது.

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்லை. ஆனா பில்லைப் படிக்கிறது என் தொழில். பழைய கார்களோட ரிப்பேர் பில்களைப் பார்த்தா ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியும்: நாலு பார்ட் மாத்தியிருப்பாங்க, அதுல கடைசியா மாத்தினது மட்டும்தான் உண்மையான கோளாறு. முதல் மூணும் யூகம். அந்த யூகத்துக்குக் காசு கொடுத்தது நீங்க. பழைய கார்ல பெரும்பாலும் கையைக் கடிக்கிறது கோளாறு இல்லை, கோளாறு என்னன்னு தெரியாம பார்ட் மாத்துறது.

அதனால இந்தக் கட்டுரையில, அடிக்கடி வர்ற கோளாறுகளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, எதுக்கு உடனே வண்டியை நிறுத்தணும், எது அடுத்த சம்பளம் வரைக்கும் தாங்கும்னு பார்க்கலாம். நீங்களே ஸ்பேனர் எடுக்கணும்னு சொல்லலை. மெக்கானிக்கிட்ட "வண்டி ஒரு மாதிரி இருக்கு, பாருங்க"ன்னு சொல்றதுக்கும், "டிராஃபிக்ல மட்டும் ஹீட் ஆகுது, ஹைவேல ஆகலை"ன்னு சொல்றதுக்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கு.

ஹீட் ஆகுதா? இதுதான் ரொம்ப ஆபத்து

எல்லாக் கோளாறையும் விட இதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். காரணம், சில நூறு ரூபாய் பிரச்சினை அரை மணி நேரத்துல இன்ஜின் வேலையா மாறக்கூடியது இது ஒண்ணுதான்.

முதல்ல எப்போ ஹீட் ஆகுதுன்னு கவனிங்க. சிக்னல்ல, டிராஃபிக்ல நிக்கும்போது முள் ஏறுது, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்கிடுதுன்னா, பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் பக்கம் பிரச்சினை. ஃபேன் மோட்டாரா, ரிலேவா, ஃபியூஸா, டெம்பரேச்சர் சென்சாரான்னு பார்க்கணும். ஓடும்போது காத்து தானா அடிக்கும், அதனால அப்போ தெரியாது. மாறா, ஹைவேல வேகமாப் போகும்போதோ மலை ஏறும்போதோ ஹீட் ஆனா, கூலன்ட் சரியா சுத்தி வரலைன்னு அர்த்தம். ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டிக்கிட்டது, வாட்டர் பம்ப் தேய்மானம், இந்த மூணுல ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அது வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. அதோட ரப்பர் போயிட்டா கூலன்ட் சீக்கிரமே கொதிச்சு வெளியே தள்ளும். சில நூறு ரூபாய் சாமான். ரேடியேட்டரையே மாத்தச் சொன்னா, "மூடியைப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க.

நம்ம ஊர்ல ரெண்டு குறுக்கு வழி ரொம்பப் பிரபலம். ஒண்ணு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுடறது. இன்னொண்ணு, ஃபேனை டைரக்ட் பண்ணிடறது, அதாவது சாவி போட்டதும் எப்பவும் சுத்தற மாதிரி. ரெண்டுமே ரோட்டோரத்துல மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழைய கார் வாங்கப் போறீங்கன்னா ஃபேன் டைரக்டா இருக்கான்னு அவசியம் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவி போட்டதுமே, ஏசி ஆஃப்ல இருக்கும்போதே, ஃபேன் ஓடினா யாரோ எதையோ மறைச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகலை, ஆனா கூலன்ட் மட்டும் வாரா வாரம் குறையுதா? அப்போ ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம் வரணும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில காபியில பால் கலந்த மாதிரி கொழகொழப்பு, ஓடும்போது கூலன்ட் டப்பாவுல குமிழி குமிழியா வர்றது, இதெல்லாம் அறிகுறி. ஆனா அறிகுறியை மட்டும் வெச்சு ஹெட்டைக் கழட்ட விடாதீங்க. குறைஞ்ச தூரமே ஓடற வண்டியில, மழைக்காலத்துல, ஈரப்பதத்தால மூடிக்கு அடியில அந்தக் கொழகொழப்பு சும்மாவும் வரும். கூலன்ட்ல எக்ஸாஸ்ட் கேஸ் கலந்திருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் இருக்கு. ஒரு நீலத் திரவம் மஞ்சளா மாறுதான்னு பார்ப்பாங்க. அதுக்கு ஆகற செலவு ஹெட் கழட்டற லேபர்ல சின்னப் பங்குதான்.

முள் சிவப்புக்குப் போனா, இல்லை சிவப்பு விளக்கு எரிஞ்சா (சில சின்ன கார்கள்ல முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான்), ஏசியை ஆஃப் பண்ணி, பாதுகாப்பா ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகமெல்லாம் வெந்துடும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீட்டுக்குப் போயிடலாம்"ங்கிற ரெண்டு கிலோமீட்டர்லதான் ஹெட் வளையுது. டோ வண்டிக்கு 2,000 ரூபாய் கேட்டாலும் கொடுங்க. இன்ஷூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் போட்டிருந்தா அதையும் மிச்சம் பிடிக்கலாம்.

காலையில ஸ்டார்ட் ஆகலை

உடனே பேட்டரி மாத்திடறாங்க. ஒரு மாசம் கழிச்சு புது பேட்டரியும் டவுன். ஏன்னா பேட்டரி குற்றவாளியே இல்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கோங்க. எலக்ட்ரிக்கல் கடையில சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில பேட்டரியை அளந்தா 12.6 வோல்ட் பக்கம் இருந்தா முழு சார்ஜ். 12.2-னா பாதிதான் இருக்கு. இப்போ இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அதே இடத்துல அளங்க. பொதுவா 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் காட்டணும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டுதுன்னா சார்ஜ் ஏறலை. நம்ம மெக்கானிக்குகள் டைனமோன்னு சொல்ற ஆல்டர்னேட்டரையோ, அதோட பெல்ட்டையோ பார்க்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரியைக் கொதிக்க வெச்சுக் கொன்னுடும்.

ரெண்டு அளவும் சரியா இருந்தும் ராத்திரியில டவுன் ஆகுதுன்னா ஏதோ ஒண்ணு கரன்ட்டைத் திருடுது. பூட்டி வெச்ச கார் பொதுவா 50 மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்கக் கூடாது. பழைய ஓனர் வெளியில மாட்டின மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, அலாரம்தான் வழக்கமான திருடன். எலக்ட்ரீஷியன் ஃபியூஸை ஒண்ணொண்ணாக் கழட்டிப் பார்த்துப் பிடிச்சுடுவார்.

சத்தத்தையும் கவனிங்க. சாவி திருப்பினா 'டிக் டிக் டிக்'னு வேகமா அடிச்சா பேட்டரி வீக், இல்லேன்னா டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருக்கும். வெந்நீர் ஊத்திச் சுத்தம் பண்ணி இறுக்கினாலே பல சமயம் சரியாகிடும். 'டக்'னு ஒரே சத்தத்தோட நின்னா செல்ஃப் மோட்டார். நல்லாச் சுத்துது ஆனா பிடிக்கலைன்னா பேட்டரியை விட்டுடுங்க, பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரலை.

செக் இன்ஜின் விளக்கும் மிஸ்ஸிங்கும்

இன்ஜின் ஐடிலிங்ல நடுங்குது, பிக்கப் இல்லை, மஞ்சள் விளக்கு எரியுது. விளக்கு நிலையா எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டுப் போய்க் காட்டலாம். கண் சிமிட்டுதுன்னா நிறுத்திடுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துடும், அதோட விலையைக் கேட்டா உங்களுக்கே மிஸ்ஸிங் வந்துடும்.

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைன்ல மலிவாவே கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்ல சொருகி போன்ல படிக்கலாம் (ரொம்பப் பழைய மாடல்கள்ல வேலை செய்யாமப் போகலாம்). பி0301-னு வந்தா முதல் சிலிண்டர்ல மிஸ்ஸிங். இங்கேதான் ஒரு செலவில்லாத டெஸ்ட் இருக்கு: ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் உள்ள பெட்ரோல் கார்னா, முதல் சிலிண்டர் காயிலைக் கழட்டி மூணாவதுல மாட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கோடு பி0303-ஆ மாறினா காயில்தான் கோளாறு, அந்த ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும். மாறாம 0301-லயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு வரிசையாப் பார்க்கணும். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாம மூணு, நாலு காயிலையும் சேர்த்து மாத்தி பில் போடறது சர்வசாதாரணம்.

ஸ்கேனர் காட்டற கோடு, கோளாறு எந்தத் திசையில இருக்குன்னுதான் சொல்லும், எந்தப் பார்ட்னு சொல்லாது. பி0171-னா பெட்ரோலுக்குக் காத்து அதிகமா இருக்குன்னு அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துவாங்க. ஆனா பழைய வண்டியில வெடிச்சுப் போன ஒரு ரப்பர் வேக்குவம் பைப்பே காரணமா இருக்கலாம். இன்னொண்ணு, கோடைப் படிக்கிறதுக்கு முன்னாடி யாரையும் அழிக்க விடாதீங்க. அது சாட்சியைக் கலைக்கிற மாதிரி.

புகை, ஆயில்

நீலப் புகைன்னா ஆயில் எரியுது. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்து வந்துட்டு நின்னுடுச்சுன்னா வால்வ் சீலா இருக்கலாம், அது வருஷக்கணக்கில் தள்ளிப்போடக்கூடிய செலவு. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தா ரிங், போர் வேலை. டீசல்னா டர்போவையும் பார்க்கணும். கறுப்புப் புகைன்னா எரிபொருள் அதிகமாப் போகுது இல்லைன்னா காத்து பத்தலை, ஏர் ஃபில்டர்ல இருந்து ஆரம்பிங்க.

"இன்ஜின் இறக்கணும்"னு யார் சொன்னாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் ரீடிங்கை எழுதி வாங்குங்க. எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினா, "எதுக்கு இறக்கறீங்க?"ன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் குடிக்கிற வண்டிக்கு, மாசம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்து டாப்-அப் பண்றது, இன்ஜின் வேலைக்கு அரை லட்சம் கொடுக்கிறதை விட ரொம்ப மலிவு. கணக்கு அதைத்தான் சொல்லுது.

டைமிங் பெல்ட் விஷயத்துல மட்டும் இந்தத் தாராளம் கூடாது. ஆல்டோ 800-ல இருந்த 796 சிசி இன்ஜின், ஹூண்டாய் ஐ10-ல வந்த 1.1 லிட்டர் இன்ஜின் ரெண்டும் பெல்ட். மாருதியோட கே சீரிஸ் இன்ஜின்கள்ல செயின். பெல்ட் வண்டி வாங்கினா, பழைய ஓனர் மாத்தினதுக்குப் பில் இல்லைன்னா, மாத்தலைன்னே எடுத்துக்கிட்டு மாத்திடுங்க. பல இன்ஜின்கள்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை இடிச்சிடும்.

கிளட்ச், சத்தங்கள், ஏசி

காலி ரோட்ல நாலாவது கியர்ல 40-ல போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்க. இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. மாத்தும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்திடுங்க. இது விற்பனைத் தந்திரம் இல்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏத்தற லேபர்தான் பெரிசு, அதை ரெண்டு தடவை கொடுக்க வேண்டாம்.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது 'டக டக டக' வந்தா ஆக்ஸில் ஜாயின்ட். அதுக்கு முன்னாடியே ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிக்கும், அப்பவே பார்த்தா பூட் செலவோட போயிடும். வேகத்தோட சேர்ந்து ஏறுற 'ஊ...' சத்தம் வீல் பேரிங், இதைத் தள்ளிப்போடாதீங்க. சின்னப் பள்ளத்துல 'கட கட'ன்னா லிங்க் ராடு, புஷ். அவசரம் இல்லை, ஆனா டயர் ஒரு பக்கமாத் தேயுதான்னு பார்த்துக்கோங்க. ஸ்டீயரிங் 80-ல நடுங்கினா பேலன்சிங், பிரேக் அடிக்கும்போது மட்டும் நடுங்கினா டிஸ்க். பிரேக்ல எந்த மாற்றம் தெரிஞ்சாலும் அன்னைக்கே போயிடுங்க, அதுல பட்ஜெட் பேச்சே கிடையாது.

ஏசிக்கு வருவோம். "வருஷா வருஷம் கேஸ் ஃபில்லிங் பண்ணணும் சார்"ங்கிறது நம்ம ஊர்ல ஊறிப்போன நம்பிக்கை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை, மூடின பைப்புக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் குறைஞ்சா எங்கேயோ லீக். முதல்ல லீக் டெஸ்ட், கண்டென்சரா, கூலிங் காயிலா, ஓரிங்கான்னு தெரிஞ்ச பிறகுதான் கேஸ். ஓடும்போது குளிருது, நின்னா குளிரலைன்னா, கேஸை விட்டுட்டு ஃபேனையும் கண்டென்சர்ல அடைச்ச தூசியையும் பாருங்க. காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டர், அதை நீங்களே மாத்தலாம்.

பில்லை எப்படிக் கையாளணும்

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் எழுத்துல வாங்குங்க, வாட்ஸ்அப்ல போட்டாலும் சரி. பார்ட் தனியா, லேபர் தனியா. கழட்டின பழைய பார்ட்டைக் கையில கொடுக்கச் சொல்லுங்க. இந்த ஒரு வரியை முன்கூட்டியே சொன்னாலே எஸ்டிமேட் சுருங்கறதைப் பார்க்கலாம்.

பார்ட் வாங்கும்போது கார் கம்பெனி டப்பா மட்டும்தான் ஒரிஜினல்னு இல்லை. கார் கம்பெனிகள் ஆல்டர்னேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாத்தையும் தாங்களே செய்யறதில்லை. சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா மாதிரி கம்பெனிகள் காருக்கும் சப்ளை பண்றாங்க, சொந்த டப்பாவுலயும் கடைக்கு விக்கறாங்க. பெரும்பாலும் ரெண்டாவது டப்பா மலிவு. ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகள்ல விலை விசாரிச்சா வித்தியாசம் புரியும். புதுப்பேட்டை பழைய பார்ட் கதவு, கண்ணாடி, சீட், லைட்டுக்கு அருமை. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் சம்பந்தப்பட்டதுக்கு அங்கே போகாதீங்க.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்"னு சொல்வாங்க. ரிப்பேர் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18%. 10,000 ரூபாய் வேலையில 1,800 மிச்சம்தான். ஆனா அந்த பில் இல்லாம வாரன்டி கேட்க முடியாது, நாளைக்கு வண்டி விக்கும்போது காட்டவும் எதுவும் இருக்காது. ஆடிட்டரா இருக்கறதால சொல்லலை, பில் ஃபைல் இருக்கிற பழைய காருக்கு பேரம் பேசற பலமே வேற.

மோட்டார் இன்ஷூரன்ஸ் சாதாரண தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது. வெள்ளத்துல நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள்ள தண்ணி போனா, இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம அந்தச் செலவும் பொதுவா உங்க தலையில்தான். பழைய வண்டிக்கு அந்த ஆட்-ஆன் கிடைக்கிறதே கஷ்டம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி மழை வந்தா, சாவியைத் தொடாம டோ பண்றது மட்டும்தான் வழி.

ரிப்பேர் பண்றதா, வித்துடறதா?

இங்கேதான் என் வேலை. "வண்டி மதிப்பே ஒண்ணரை லட்சம், அதுக்கு 40,000 செலவா?"ன்னு கேட்கறாங்க. கேள்வியே தப்பு. வண்டி மதிப்போட ஒப்பிடாதீங்க, அதுக்கு மாற்று என்னங்கிறதோட ஒப்பிடுங்க. 8 லட்சம் கார் லோன், 9% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ 16,607 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 1,99,284. இதுல டவுன் பேமென்ட்டும் கூடுற இன்ஷூரன்ஸும் சேர்க்கலை. 40,000 ரிப்பேர் அந்த வண்டியை ஒரு வருஷம் நம்பிக்கையா ஓட வைக்கும்னா, அது மூணு இஎம்ஐயை விடக் குறைவு.

ஆனா "ஏற்கனவே 60,000 போட்டுட்டேன், இப்போ விட முடியுமா?"ங்கிறதும் அதே அளவு தப்பு. போன 60,000 போனதுதான், விக்கறதா வெச்சுக்கறதாங்கிற முடிவுல அதுக்கு ஓட்டு இல்லை. இனிமே வர்ற பன்னிரண்டு மாசத்துக்கு என்ன ஆகும்னு மட்டும் பாருங்க. பாடி துரு பிடிச்சு சேஸிஸ் வரைக்கும் போயிருந்தா, இல்லை பதிவு 15 வருஷத்தை நெருங்கிட்டா (அதுக்கப்புறம் ஆர்டிஓ-ல வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு), பெரிய இன்ஜின் வேலைக்கு முன்னாடி வித்துடறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

பணத்தை ரிப்பேர் வந்த பிறகு தேடாதீங்க. பழைய கார் வாங்கின மாசத்துல இருந்தே மாசம் 3,000 ரூபாயை ஒரு தனி ஆர்டி-யில போட்டு வைங்க. வருஷத்துக்கு 36,000, அதோட வட்டி. ஆரம்பத்துல சொன்ன முப்பத்தஞ்சாயிரம் போனை அந்தப் பணம் சமாளிச்சிடும். கிரெடிட் கார்டுல மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. எந்த கிளட்ச்சும் அந்த விலைக்கு மாத்தத் தகுதி இல்லாதது. காருக்குன்னு வெச்ச பணத்தை எமர்ஜென்சி ஃபண்டோட கலக்காதீங்க. பத்து வருஷ வண்டியில ரிப்பேர் வர்றது எமர்ஜென்சி இல்லை, தேதி மட்டும் தெரியாத செலவு.

இந்த மாசம் ஒரு வேலை செய்யுங்க: ஞாயித்துக்கிழமை காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, கூலன்ட் அளவு, ஆயில் டிப்ஸ்டிக், பேட்டரி வோல்ட்டேஜ் மூணையும் பார்த்து போன்ல குறிச்சு வைங்க. அடுத்த மாசம் அதே மூணு. ரிப்பேர் செலவையும் இந்த அளவுகளையும் சேர்த்துப் போட ஒரு எக்ஸெல் ஷீட் தயார் பண்ணியிருக்கேன், வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, எடுத்துக்கோங்க.